வகிட்டைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வயது 42. உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு பால் கவரை எடுத்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே பந்து பந்தாகச் சுருட்டிய முடி. நாலு நாள் சீப்பில் வந்ததாம். "எல்லாம் இந்த உப்புத் தண்ணியாலதான் டாக்டரம்மா" என்றார்.

ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் முடி விஷயத்தில் முதல் குற்றவாளி போர் தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்காக நான் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும், நடுவில் ஒடிக்கவும் செய்யும். ஆனால் வேரை அசைக்காது. கவரிலிருந்து ஒரு முடியை எடுத்து கறுப்புத் துணியின் மேல் வைத்துக் காட்டினேன். ஒரு முனையில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி. வேரிலிருந்து கழன்று வந்த முடிக்குத்தான் அது இருக்கும், ஒடிந்த முடிக்கு இருக்காது.

"மூணு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். டெங்கு வந்து படுத்திருக்கிறார். சரி, அந்தக் கவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட், இவற்றில் எது வந்தாலும் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் தானாகவே திரும்பி வளர்ந்துவிடும். எந்த நோயும் இல்லாதவருக்கே நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும்.

என்னைக் கவலைப்பட வைத்தது அந்தக் கவர் அல்ல. விளக்குக்குக் கீழே தலையைக் குனியச் சொன்னபோது தெரிந்த வகிடு. நெற்றிக்கு மேலே முடிக்கோடு அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் வகிடு அகலமாகத் திறந்து, உச்சி நோக்கிப் போகப் போக ஒடுங்குகிறது. போனில் அவருடைய கல்யாண போட்டோவைத் தேடி எடுத்தார். அதில் வகிடு பென்சில் கோடு மாதிரி இருந்தது. பின்னலும் மல்லிகைப்பூவும் பின்பக்கத்தை அழகாக வைத்திருந்ததால் இத்தனை வருடத்தில் வீட்டில் யாருமே கவனிக்கவில்லை.

இதைத்தான் பெண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கை என்கிறோம். ஆண்களைப் போல நெற்றி ஏறாது, உச்சி மெலியும். அந்த மெலிவை மூன்று படிகளாகப் பிரித்து லுட்விக் என்ற மருத்துவர் 1977-இல் எழுதினார், இன்றும் அதை வைத்துத்தான் பேசுகிறோம். இதில் முடி கொத்தாகக் கொட்ட வேண்டும் என்றே இல்லை. வேர்ப்பை சுருங்கச் சுருங்க, விழுந்த முடியின் இடத்தில் அதைவிட மெல்லியது வரும், அடுத்த தடவை பூனைமுடி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்திலேயே தடி முடியும் நூல் முடியும் கலந்து நிற்கும். அதுவே பாதி நோயறிதல்.

மீதிக்கு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு. மாதவிலக்கு தவறினாலோ தாடையில் முடி வந்தாலோ சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா, ஹார்மோன் எப்படி என்றும் பார்ப்போம். பல பெண்களுக்கு ஹார்மோன் சரியாகவே இருக்கும், ஆனாலும் முடி மெலியும். ஒரு விஷயம்: முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டவைக்கும்.

மருந்து என்றால் முதலில் மினாக்ஸிடில். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை, சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததால் தலைக்கு வந்தது. 2 சதவீதக் கரைசல் என்றால் தினம் இருவேளை, 5 சதவீத நுரை என்றால் ஒருவேளை. முடியில் இல்லை, காய்ந்த தலைத்தோலில். ராத்திரி போடுவதானால் படுப்பதற்கு ரொம்ப முன்னாலேயே போடுங்கள், தலையணை வழியாகக் கன்னத்துக்குப் போனால் அங்கேயும் முடி வளரும்.

இதில் நான் ஒரு தப்பு பண்ணியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு இந்த மருந்தை எழுதிக் கொடுத்தேன், ஆனால் ஆரம்பத்தில் சில வாரம் முடி அதிகமாகவே கொட்டும் என்று சொல்லவில்லை. பழைய முடி இடம்விட்டுப் புது முடி வருவதற்கான உதிர்வுதான் அது. அவருக்கு அது எப்படித் தெரியும்? பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு டாக்டரிடம் போய்விட்டார். நியாயமான கோபம். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். இதையெல்லாம் இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

போதாவிட்டால், ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் உண்டு. கர்ப்பமாகும் வாய்ப்பு உள்ளவர்கள் கருத்தடை இல்லாமல் அதைத் தொடக்கூடாது. கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் மினாக்ஸிடிலும் வேண்டாம். தலைத்தோலில் போடும் ஊசி, முடி நடவு எல்லாம் அதற்கப்புறம்தான்.

கிளம்பும்போது அந்த அம்மா கவரைக் காட்டி, "இதை என்ன பண்றது டாக்டரம்மா?" என்றார். தெருவில் சவுரி முடி வாங்க வருகிறவரிடம் போட்டுவிட்டு ஒரு கிண்ணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மூன்று மாதம் கழித்து வரும்போது, அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த வகிட்டுப் படம் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.