பூட்டாத கதவுகளின் ஊர்

எல்லாருக்கும் வணக்கம். துருவத்தைப் பற்றிப் பேச வந்தவன், குளிரில் ஆரம்பிப்பான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஒரு கதவில் ஆரம்பிக்கிறேன்.

நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள். அங்கே நீ-ஓலசுன் என்று ஒரு குட்டி ஊர், ஏறக்குறைய 79 டிகிரி வட அட்சரேகையில். ஒரு காலத்தில் நிலக்கரி ஊர். 1962இல் சுரங்கம் வெடித்து 21 பேர் இறந்துபோனார்கள். மறு வருடமே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது பல நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்கள்தான் அந்த ஊர். நம் நாட்டின் 'ஹிமாத்ரி' அங்கே 2008இல் திறக்கப்பட்டது. ஒரு கோடையில், மண் மாதிரி சேகரிக்கும் குழுவோடு நானும் சில வாரங்கள் தங்கினேன்.

முதல் நாள் ராத்திரி (ராத்திரி என்பது பழக்கதோஷம், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை) படுக்கப் போகுமுன் வாசல் கதவைத் தாழ்போடப் போனேன். கூட வந்தவர், "சார், பூட்டாதீங்க" என்றார். ஊரில் எந்தக் கட்டடத்தையும் பூட்டக் கூடாதாம். தெருவில் பனிக்கரடி வந்துவிட்டால், நடந்துபோகிறவர் கைக்கெட்டிய கதவைத் திறந்து உள்ளே ஓட வேண்டுமே! திருடனுக்குப் பயந்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்துப் பழகிய கை இது. கரடிக்காகத் திறந்து விட்டுத் தூங்க ஒரு வாரம் பிடித்தது.

வீட்டுக்குள் செருப்பு, ஷூ கிடையாது. கரி படிந்த காலணியைச் சுரங்கத் தொழிலாளிகள் வாசலில் கழற்றிய வழக்கம் அப்படியே நிற்கிறது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. செல்போன் ஏரோபிளேன் மோடில்தான் இருக்க வேண்டும். வைஃபை, புளூடூத் எதுவும் ஆகாது. தொலைதூர விண்பொருள்களின் ரேடியோ அலைகளைக் கேட்டுப் பூமியின் சுழற்சியை அளக்கும் ஆன்டெனாக்கள் அங்கே இருக்கின்றன, நம் போன் சத்தம் அவற்றுக்கு இடைஞ்சல். அதனால் மெஸ்ஸில் ஒரு அதிசயம்: சாப்பிடும்போது எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். ஊருக்கே ஒரு மெஸ்தான். உப்புக் குறைவான மீனுக்குப் பக்கத்தில் நம்மவர் ஒருவர் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால், வாசனை நாலு மேஜை தாண்டும்.

அப்புறம் துப்பாக்கி. ஊர் எல்லையைத் தாண்டினால் குழுவில் ஒருவரிடமாவது ரைஃபிள் இருக்க வேண்டும். தீபாவளிக் கேப் துப்பாக்கிக்கு மேல் எதையும் தொடாத எனக்கும் சுடப் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் சுடுவதற்கல்ல அந்தப் பயிற்சி. சுட வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதற்கு. 1973 முதல் அங்கே பனிக்கரடிக்குப் பாதுகாப்பு. ஒன்றைச் சுட்டுவிட்டால், ஆளுநர் அலுவலகம் கொலை வழக்குபோல விசாரிக்கும். ஆகவே மூன்று பேர் குனிந்து மண் எடுக்கும்போது நாலாமவருக்கு ஒரே வேலை: நின்று சுற்றிலும் பார்ப்பது. பேசக் கூடாது, உதவிக்கும் வரக் கூடாது. என் முறை வந்தபோது, இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொரு வெள்ளைப் பாறையும் எனக்கு ஒரு தடவையாவது நகர்ந்தது.

நிஜத்தில் என்னைத் தாக்கியது கரடி அல்ல, நூறு கிராம் பறவை. ஆர்க்டிக் ஆலா. பாதையோரக் கூழாங்கற்களிலேயே முட்டையிடும். அந்தப் பக்கம் போனால் கிரீச்சிட்டு நேரே உச்சந்தலைக்கு இறங்கும்; ரத்தம் வரக் கொத்தும். தலைக்கு மேல் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், உயரமாக இருப்பதைத்தான் அது கொத்தும். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் வரிசையாகக் குச்சி தூக்கிக்கொண்டு சாப்பிடப் போவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோபிக்கவும் மனம் வராது. நம் டிசம்பரில் அது அண்டார்க்டிகா பக்கம் இருக்கும். கிரீன்லாந்தில் கருவி கட்டிப் பார்த்த ஆலாக்கள் வருடத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 70,000 கிலோமீட்டர் பறந்திருக்கின்றன.

குட்டைக்கால் ரெயின்டீர்கள் ஜன்னலுக்கு வெளியே மேயும். வேட்டையில், ஊர் இருக்கும் தீபகற்பத்திலிருந்தே அழிந்துபோனவை, 1978இல் 12 மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வாத்துக் குஞ்சுகளை நரி கவ்விக்கொண்டு போவதும் மெஸ் ஜன்னலிலிருந்தே தெரியும்.

கடைசி வாரம், காலைக் காப்பி நேரத்தில் ரேடியோவில் தகவல் வந்தது: ஊருக்கு முன்னால் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடல்கழியில், ஒரு தீவில் கரடி. நாங்கள் போகவிருந்த கரைக்கு எதிரே. எல்லாரும் பைனாகுலருக்காக ஜன்னலில் முட்டிக்கொண்டோம். வெள்ளை என்று நினைத்திருந்தேன். பழைய வேட்டி நிறம். சீல் பிடிக்க அதற்குக் கடல் பனி வேண்டும். அந்தக் கடல்கழி 2006க்குப் பின் முன்போல உறைவதில்லை. பனி இல்லாத கோடையில் கரடிகள் பறவைத் தீவுகளுக்கு நீந்தி வருகின்றன. இது ஈடர் வாத்தின் கூடுகளை ஒன்றொன்றாக மோந்து, முட்டையை நக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கூட்டிலிருந்தும் தாய் எழுந்து கொஞ்ச தூரத்தில் போய் நின்றது. அவசரமே இல்லை கரடிக்கு. மத்தியானச் சாப்பாடு முடிந்து திரும்பி வந்து பார்த்தோம், அப்போதும் தின்றுகொண்டிருந்தது.

படகு அன்று கிளம்பவில்லை. மறுநாளும் கிளம்பவில்லை. பன்னிரண்டு மாதிரிக் குப்பிகளைக் காலியாகவே ஊருக்குத் திருப்பி எடுத்துவந்தேன். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'கரடி' என்று ஒரே சொல் எழுதினேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சரி, நிறையப் பேசிவிட்டேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.