பள்ளிப் பிள்ளையின் நாளும் அவள் விசுவாசமும்

நேயர்களுக்கு அன்பான காலை வணக்கம். எட்டாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையில் படிக்கிற நம் சபைப் பெண்பிள்ளைகளோடு இன்று பேச வந்திருக்கிறேன். அம்மாமாரும் கூட உட்கார்ந்து கேளுங்கள். உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதும் சில இருக்கிறது.

ஓய்வுநாள் பள்ளியில் கேட்டதைத் திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது? பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது இதுதான். "கர்த்தருக்குப் பிரியமாய் நட" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். எந்த நேரத்தில், எந்த அளவில், எதிலிருந்து தொடங்குவது என்று சொல்வதில்லை.

வேத வாசிப்பையே எடுத்துக்கொள்வோம். ஜனவரி 1-ஆம் தேதி நிறையப் பிள்ளைகள் ஆதியாகமத்தில் தொடங்குகிறார்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். தினமும் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் அதே கணக்கில் நாலே வாரத்தில் ஆதியாகமத்தின் 50 அதிகாரமும் யாத்திராகமத்தின் 40 அதிகாரமும் முடிந்து, லேவியராகமம் வந்து நிற்கும். சர்வாங்க தகனபலி, குஷ்டரோகப் பிரமாணம் என்று வரும்போது விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அங்கேயே நின்றுவிடுகிறது. பிள்ளை தன் பக்தியைத்தான் குறை சொல்லிக்கொள்கிறாள். தொடங்கிய இடமும் எடுத்துக்கொண்ட அளவும் அவளுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம். ஒரு நாளைக்கு அரை அதிகாரம், ஏறக்குறைய இருபது வசனம். 32 நாளில் முடியும். காலையில் 15 நிமிடம் போதும்: வாசிக்க ஏழு, எழுத மூன்று, ஜெபிக்க ஐந்து. அச்சிட்ட வேதாகமத்தையே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வாசித்தால் மூன்றாவது வசனத்தில் வாட்ஸ்அப் மணி அடிக்கும்.

எழுதுவதற்கு ஒரு சின்ன நோட்டு. தேதியும் பகுதியும் ஒரு வரி, அந்தப் பகுதியில் இயேசு என்ன செய்தார் என்று ஒரு வரி, இன்று நான் என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியில்தான் தவறு நடக்கிறது. "எல்லோரிடமும் அன்பாய் இருப்பேன்" என்று எழுதினால் சாயங்காலம் அதை நடந்தது என்றும் சொல்ல முடியாது, நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு ஆளும் ஒரு நேரமும் அதில் இருக்க வேண்டும். "மதியச் சாப்பாட்டுக்குத் தனியாய் உட்கார்கிற புதுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பேன்" என்று எழுதுங்கள். ராத்திரி படுக்கும்முன் ஒரு குறி போடலாம்.

"எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு அறை, நான் எங்கே போய்த் தனியாய் ஜெபிப்பது?" என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. நெகேமியா இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். ராஜா தன் பானபாத்திரக்காரனான நெகேமியாவிடம் கேள்வி கேட்கிறார், அவன் பதில் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினான் என்று எழுதியிருக்கிறது. முழங்கால் போடவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. பஸ் ஸ்டாப்பிலும் அப்படி ஜெபிக்கலாம். பாத்திரம் துலக்கும்போது சங்கீதம் சொல்லலாம். 23-ஆம் சங்கீதத்தில் ஆறு வசனம்; திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒன்றாய் மனப்பாடம் செய்து, ஞாயிறு முழுவதையும் சொல்லிப் பாருங்கள்.

மாற்கு வாசிக்கத் தொடங்கிய பத்தாம் நாள் ஐந்தாம் அதிகாரத்தின் பிற்பகுதி வரும். அங்கே கொஞ்சம் நிதானமாய் நில்லுங்கள். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கினால் அவதிப்பட்ட ஒரு பெண். பன்னிரண்டு வயதில் இறந்துபோன யவீருவின் மகள். இரண்டு பேருமே இன்றைக்குப் பிள்ளைகள் வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் கேள்விகளைத் தொடுகிறார்கள்.

"மாதவிலக்கு நாளில் வேதாகமத்தைத் தொடலாமா, கோயிலுக்குப் போகலாமா, திருவிருந்து எடுக்கலாமா?" வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டு, அந்த வாரம் ஜெபத்தையும் விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். லேவியராகமம் 15-ஆம் அதிகாரத்துச் சட்டப்படி உதிரப்போக்குள்ள அந்தப் பெண் தீட்டுள்ளவள், அவளைத் தொடுகிறவர்களுக்கும் தீட்டு. அவள் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "மகளே" என்று கூப்பிட்டு, சமாதானத்தோடே போகச் சொன்னார். ஆகவே தொடலாம், போகலாம், எடுக்கலாம். அம்மாமாரே, பிள்ளை வயதுக்கு வந்த முதல் மாதமே இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நாம் சொல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் வேறு விதமாய்ச் சொல்வார்கள்.

அடுத்து, யவீருவின் மகள். இறந்துபோன அவளை இயேசு உயிரோடு எழுப்புகிறார்; அவள் எழுந்து நடந்தவுடனே, அவளுக்கு ஆகாரம் கொடுக்கும்படி சொல்கிறார். ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து காலம் வரும்போதெல்லாம் இந்த வசனத்தை நினைக்க வேண்டும். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அந்த நிலையில் காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போனால், பிரேயரில் நிற்கும்போதே தலை சுற்றும். வளருகிற பிள்ளைகள் பள்ளி நாளில் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருக்க வேண்டாம். பலகாரத்தை விடலாம், சாயங்காலத்துச் சீரியலை விடலாம், ரீல்ஸ் பார்ப்பதை விடலாம். விட்டதில் மிஞ்சும் காசையும் நேரத்தையும் இன்னொருவருக்குக் கொடுங்கள். பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு என்றுதான் ஏசாயா 58-ஆம் அதிகாரம் உபவாசத்தைச் சொல்கிறது. இன்னொன்றையும் கண்டிப்பாய்ச் சொல்ல வேண்டும். உடம்பு மெலிய வேண்டும் என்பதற்காக உபவாசத்தைச் சாக்காக எடுக்காதீர்கள்.

பள்ளியில் பெரிய சோதனை பரீட்சை அறையில். பக்கத்துப் பிள்ளை "ஏய், கொஞ்சம் காட்டுடி" என்று கேட்கும்போது, அந்த நிமிடத்தில் மறுத்தால் பகைதான் வரும். சொல்ல வேண்டிய நேரம் முந்தின வாரம். "நான் காட்ட மாட்டேன், ஆனா சாயங்காலம் வா, அந்தப் பாடத்தை உனக்குச் சொல்லித் தரேன்" என்று சொல்லி, சொன்னபடி உட்கார்ந்து சொல்லித்தரவும் வேண்டும். இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்கிற பிள்ளைக்கு "பெரிய பக்திமான்" என்ற பெயர்தான் மிஞ்சும். பிராக்டிகல் நோட்டில் வராத அளவை வந்ததாக எழுதுவதும் பொய்தான். வந்த அளவையே எழுதுங்கள். ஏன் மாறியது என்று டீச்சரிடம் கேட்டால் பாடமும் புரியும்.

சாப்பாட்டு இடைவேளையில் யார் டிபனைத் தொடுகிறோம், யார் தண்ணீரைக் குடிக்கிறோம் என்பதிலும் விசுவாசம் தெரிந்துவிடும். 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை விட்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாய் எழுதி அனுப்பினார். இன்றும் விட்டபாடில்லை. அதைச் சொல்ல வருத்தமாய் இருக்கிறது. பெரியவர்கள் வீட்டில் பேசுவதைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்கிற எபேசியர் ஆறாம் அதிகாரம், "கர்த்தருக்குள்" என்று சேர்த்தே சொல்கிறது. "அவள் வீட்டில் தண்ணீர் குடிக்காதே" என்பது கர்த்தருக்குள் வருகிற கட்டளை அல்ல.

கைப்பேசிக்கு வருவோம். "இவளுக்காக ஜெபியுங்கள்" என்று குழுவில் போடுகிற செய்தி, பல நேரம் ஜெப வேஷம் போட்ட புறணி. இன்னொரு பிள்ளையின் வீட்டுச் சண்டையோ காதலோ அவளைக் கேட்காமல் ஜெப விண்ணப்பமாய்ப் போகக் கூடாது. பேர் சொல்லாமல் போட்டாலும் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். "பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம்" என்று வருகிறதை அழித்துவிடுங்கள். அதற்கும் விசுவாசத்திற்கும் சம்பந்தம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் ஊழியக்காரர் என்று சொல்லி, தனியாய் ஜெபிக்கலாம், போட்டோ அனுப்பு, வீட்டில் சொல்லாதே என்றால், பதில் போடாமல் கைப்பேசியை அப்படியே அம்மாவிடம் காட்டுங்கள்.

தெரிந்தவரே தப்பாய்த் தொட்டாலும் இதே வழிதான், அவர் சபையில் எவ்வளவு பெரியவராய் இருந்தாலும். மன்னிப்பது என்றால் மறைப்பது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் தாவீது ராஜாவின் மகள் தாமாருக்கு அநியாயம் நடந்தபோது, அவள் அண்ணன் அப்சலோம் அவளை மவுனமாய் இருக்கச் சொன்னான். வேதாகமம் மவுனமாய் இருக்கவில்லை, நடந்ததை எழுதி வைத்திருக்கிறது. வீட்டில் சொல்ல முடியவில்லையானால் 1098. குழந்தைகளுக்கான உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது.

காணிக்கையைப் பற்றியும் கொஞ்சம். கைப்பிடி அரிசி நம் சபைகளில் பழைய வழக்கம். உலைக்கு அரிசி எடுக்கும்போது அதிலிருந்து ஒரு பிடி தனி டப்பாவில் போட வேண்டும். அதைப் பிள்ளையின் கையால் போட விடுங்கள். அவள் கைக்கு ஒரு பிடி 40 கிராம் வரும். இரண்டு நேரம் சமைத்தால் மாதம் 2.4 கிலோ. வீட்டில் பொங்குகிற அதே அரிசியாய் இருக்க வேண்டும். தனக்குப் பொன்னியும் ஆண்டவருக்கு ரேஷனும் என்று போனால் பிள்ளை அதையும் கற்றுக்கொள்வாள். வாரா வாரம் கோயிலில் சேர்த்துவிட்டால் வண்டு விழாது. கைச்செலவுக்குக் காசு வாங்குகிற பிள்ளைகள், நூறு ரூபாய் கையில் வந்த அன்றே பத்து ரூபாயைக் கவரில் எடுத்து வையுங்கள். மீதியில் கொடுக்கலாம் என்றால் மீதி இருக்காது.

சில நாள் ஜெபம் வராது. வார்த்தை இல்லாதபோது 13-ஆம் சங்கீதத்தை எடுத்துச் சத்தமாய் வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று கர்த்தரிடம் கேட்கிற சங்கீதம், ஆறே வசனம். வாசிப்பு மூன்று நாள் விட்டுப்போனால், விட்ட மூன்றையும் சேர்த்து வாசிக்க முயலாதீர்கள். நாலாம் நாளும் விட்டுப்போகக் காரணம் அந்தச் சுமைதான். நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு, நிறுத்திய வசனத்திலிருந்து அரை அதிகாரம் வாசியுங்கள்.

நன்றி, வணக்கம்.