வயல் வாங்கினால் வந்து குடியிருங்கள்

(தலைப்பு: தாமிரபரணிக் கரையில் நிலம் வாங்குவது முதலீட்டுக்கா, வாழ்வதற்கா? ‘வாழ்வதற்கே’ அணியின் உரை)

நடுவர் ஐயா அவர்களுக்கும், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து இந்த நேரம்வரை கண்விழித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கச்சி நன்றாகவே பேசினார். மண் விலை இறங்காது, வாங்கிப் போட்டால் பிள்ளைகள் கல்யாணத்துக்கு ஆகும் என்றார். ஆனால் அங்கே போய்க் குடியிருக்க முடியாதாம். ஆஸ்பத்திரி தூரம், வெள்ளம் வரும் என்று அடுக்கினார். எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், நம் பக்கத்து நஞ்சைக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்பதை நடுவர் ஐயா கொஞ்சம் கேட்க வேண்டும். ஏனென்றால் இந்த வழக்கே அதில்தான் இருக்கிறது.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேருகிறவரை நம் ஆறு ஓடுவது சுமார் 128 கிலோமீட்டர். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று இறங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்து மடையிலிருந்து வாய்க்கால், அப்புறம் வயல். பல வயல்களுக்கு அந்த வாய்க்காலும் நேராக வராது. மேல்வயல் நிறைந்து, வரப்பில் வாமடை, அதாவது தண்ணீர் இறங்கும் வாய், வெட்டி, கீழ்வயலுக்கு இறங்க வேண்டும். பாபநாசம் அணை 143 அடி நிறைந்து வழிந்தாலும் சரி, மேல்வயலில் வாமடையைத் திறக்க ஆள் இல்லை என்றால் கீழ்வயல் காயத்தான் செய்யும்.

இப்போது அந்த மேல்வயலை வெளியூரில் இருக்கும் ஒருவர் முதலீடாக வாங்குகிறார் என்று வையுங்கள். பத்திரம் முடிந்ததும் நான்கு மூலையிலும் கல் நட்டு, கம்பிவேலி போட்டுவிட்டுப் போய்விடுகிறார். முதல் வருஷம் புல். அடுத்து சீமைக்கருவேலம். அதற்குள் பன்றி வந்து படுக்கும், இரவெல்லாம் பக்கத்து வயலைக் கிளறும். மலையடிவாரத்தில் விவசாயம் பார்க்கிறவர்களுக்கு அந்த வேதனையை நான் விளக்கத் தேவையில்லை. வேலிக்குள் போய் வாமடை வெட்ட முடியாது. கீழே இருக்கிற நாலைந்து பேருக்கும் தண்ணீர் போச்சு. அறுப்பு மெஷின் அந்த வயலில் இறங்கித்தான் அடுத்த வயலுக்குப் போக வேண்டும், அந்தப் பாதையும் போச்சு. அந்த நாலைந்து பேரும் எத்தனை போகத்துக்கு நஷ்டத்தில் நடுவார்கள்? அவர்களும் விற்பார்கள். வாங்கியவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பார். தன் பணத்தில் தன் நிலத்தை வாங்கினார், அவ்வளவுதான். ஆனால் ஒரு பத்து வயல் தரிசாகிவிட்டது ஐயா. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

குத்தகைக்கு விடலாமே என்று தங்கச்சி கேட்பார். விடலாம். ஆனால் முதலீட்டுக்கு வாங்குகிறவர் விடுவதில்லை. 1955-ஆம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுகிறவனுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும், அது நியாயமான சட்டம். ஆனால் நல்ல விலை வந்ததும் விற்றுவிடலாம் என்று காத்திருக்கிறவருக்கு, வயலில் ஓர் ஆள் உழுதுகொண்டிருப்பதே பயம். அதனால் தரிசாகவே போடுகிறார்.

அந்த ‘நல்ல விலை’தான் எப்போது வரும்? மனையாக மாறினால் வரும். நஞ்சையை அப்படி நினைத்தபடி மனையாக்க முடியாது. மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும், நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத மனையைப் பதியக் கூடாது என்று 2016-இல் உயர்நீதிமன்றமே தடுத்தது நம் எல்லோருக்கும் தெரியும். இதற்கு நடுவில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். வாங்குகிற அன்றைக்கே நூற்றுக்கு ஒன்பது கையைவிட்டுப் போகிறது. சும்மா வேலி போட்டு வைப்பதற்கு இவ்வளவு செலவா?

வளைகுடாவில் வேலைபார்க்கும் பிள்ளைகள் நம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுவாழ் இந்தியராக இருக்கும்வரை விவசாய நிலமோ தோட்டமோ பண்ணைவீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் கொடுக்காது. தகப்பன் சொத்து வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஊரில் ஆசைகாட்டும் தரகர் இதைச் சொல்லமாட்டார். ஊருக்கே திரும்பி வந்து குடியிருக்கும்போது தாராளமாக வாங்கலாம். தமிழ்நாட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்தான் வயல் வாங்கலாம் என்ற கட்டுப்பாடு கிடையாது. ஆக, சட்டமும் எங்கள் அணிப் பக்கம்தான் சாய்கிறது.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன். இதைச் சாதாரணமாகப் பேச எனக்கு மனசு வராது. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். கீழ்ப்பக்கம் வாழைத்தோட்டங்கள் சாய்ந்து, வயலில் மணல் ஏறிக் கிடந்தது. இதைச் சொல்லித்தான் ‘குடியிருக்க முடியாது’ என்கிறார் தங்கச்சி. நான் கேட்கிறேன், அந்த நேரத்தில் உடைந்த குளத்தங்கரையில் மண்மூட்டை அடுக்கியது யார்? பாம்பும் சேறும் புகுந்த வீட்டிலிருந்து பாட்டிமாரைத் தூக்கிவந்தது யார்? கணக்கெடுக்க வந்த அதிகாரியைக் கூட்டிக்கொண்டுபோய், ‘இது என் வயல், இவ்வளவு தூரம் மணல்’ என்று காட்டியது யார்? ஊரில் இருந்தவர்கள். வெளியூரில் இருந்த நிலத்துச் சொந்தக்காரருக்குத் தன் வரப்பு போனது வாட்சப்பில் வந்த படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னும் ஒன்று. வெள்ளம் எதுவரை ஏறும் என்பது எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. 1992 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படிக்கட்டில் நின்றது என்று இந்தத் தெருவில் இருக்கும் ஆச்சியைக் கேட்டால் கைகாட்டுவார். அந்தக் கைக்குக் கீழே வீடு கட்டக் கூடாது, அவ்வளவுதான்.

பத்திரத்தில் இல்லாதது இது மட்டுமா? வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள், பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் எல்லாம் வாங்குங்கள், மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். எல்லாம் அவசியம். ஆனாலும் வண்டிப்பாதை வாய்வழக்கில்தான் இருக்கும். தண்ணீர் முறை ஊர்ப் பேச்சில்தான் இருக்கும். நம் பக்கம் கோயிலுக்கு மானியமாக விட்ட இனாம் நிலம் ஏராளம். 1892-இலிருந்து ஒடுக்கப்பட்ட பட்டியல் சாதி மக்களுக்குக் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலமும் இருக்கிறது. அது யாருக்காகக் கொடுத்ததோ அவர்களுக்கே சேர வேண்டியது. அதை ஏமாற்றி விற்பவரிடம் வாங்குவது பாவம் மட்டுமில்லை, சட்டப்படியும் செல்லாது. டீக்கடையில் கொஞ்ச நாள் உட்கார்ந்தால் எந்த நிலத்துக்கு என்ன கதை என்று தானாகத் தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரி தூரம் என்பதை நான் மறுக்கவில்லை. மணிமுத்தாறுக்கு மேலேயோ சிவசைலம் பக்கமோ ராத்திரி நெஞ்சுவலி வந்தால் 108 வந்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறவரை உயிர் கையில்தான். வாரம் ரெண்டு தரம் டயாலிசிஸ் செய்கிறவர் அங்கே குடியேற வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஆற்றங்கரை முழுக்க அப்படியா? சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ரயில் ஆற்றை ஒட்டியேதான் தென்காசிக்குப் போகிறது. ஸ்டேஷன் பக்கத்து ஊராகப் பார்த்துக் குடியேறலாமே.

வெளியூர்க்காரர் வந்தால் ஊர் ஏற்குமா என்று ஒரு கேள்வி வந்தது. இதற்குக் கன்னடியன் கால்வாயே பதில். எங்கிருந்தோ வந்த ஒரு கன்னடக்காரர், பசு நடந்த வழியே கால்வாய் வெட்டி, அது சிறுநீர் விட்ட இடத்தில் மடையும் படுத்த இடத்தில் குளமும் அமைத்தார் என்று ஊர்க்கதை சொல்கிறது. கதை எப்படியோ இருக்கட்டும். பெயர் இன்றைக்கும் அவர் பெயர்தான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பத்தமடைக்கு அப்பால்வரை அந்தக் கால்வாய்த் தண்ணீரில் விளைகிற சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள். வந்து வேலை செய்கிறவரை இந்த மண் தள்ளியதில்லை. கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரி கொடுத்து, கால்வாய் தூர்வாரும்போது ஒரு நாள் கூட நின்றால் போதும், அவரை ‘நம்ம அண்ணாச்சி’ என்றுதான் சொல்வார்கள்.

நடுவர் ஐயா, நிலம் வாங்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் ஊருக்குள் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடியுங்கள். ஜூன் மாதம் தண்ணீர் திறக்கும்போது வந்து கார் என்கிற முதல் போக நெல் சாகுபடியைப் பாருங்கள். அப்படியே இருந்து ஐப்பசி, கார்த்திகை மழையையும் பிசானம் என்கிற அடுத்த போகத்தையும் பாருங்கள். எந்த வயல் மூழ்குகிறது, எது கடைமடையில் காய்கிறது, யார் யாருக்கு வாமடை விடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாசியில் அறுப்பு முடிந்த பிறகும் இங்கேயே இருக்க மனசு இருந்தால், அப்போது அட்வான்ஸ் கொடுங்கள். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தரும்படி கேட்டு அமர்கிறேன். வணக்கம்.