கால் தரையை விடும் முன்பே

காட்சி: பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை, காலை ஆறரை மணி. ஈர மணலில் விரலால் இழுத்த ஒரு கோடு. ஒரு சிறுவனின் பாதங்கள் அதை நோக்கி ஓடி வருகின்றன.

குரல்:
வணக்கம். மணலில் தெரிகிற இந்தக் கோடு என் அக்கா பையனுக்காகப் போட்டது. ஏழு வயது. கோட்டுக்கு வந்ததும் குதிக்கச் சொல்லியிருக்கிறேன், அந்தக் குதிப்பைப் போனில் படமாகப் பிடிக்கப்போகிறேன். பெரிய உயரமெல்லாம் இல்லை, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. முப்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த உயரத்துக்கு எம்பி, மறுபடி மணலைத் தொட அவனுக்கு ஆகும் நேரம் அரை வினாடி. ஏறக் கால் வினாடி, இறங்கக் கால் வினாடி. கண் ஒன்றைப் பார்த்து விரல் அசையவும் ஏறத்தாழ கால் வினாடி ஆகிவிடுகிறது. அப்படியென்றால், அவன் உச்சியில் இருப்பதைப் பார்த்து நீங்கள் அழுத்தினால் படத்தில் யார் இருப்பார்? மணலில் கால் ஊன்றி நிற்கும் பையன்தான்.

குதிக்கும் படம் எடுக்கத் தொடங்கும் எல்லோரும் முதலில் தவறுவது இங்கேதான். கேமராவும் நல்ல கேமரா, வெளிச்சமும் இருக்கிறது, ஆனால் கணம் போய்விட்டது. கால் தரையை விட்டதைப் பார்த்து அழுத்தினாலும் போதாது. போன் எடுத்துக்கொள்ளும் சிறு தாமதமும் சேர்வதால் பையன் இறங்கத் தொடங்கியிருப்பான். முழங்கால் மடங்கும்போதே அழுத்த வேண்டும்.

காட்சி: அதே குதிப்பு, மெதுவாக. முழங்கால் மடிகிறது, கைகள் பின்னால் போகின்றன, வாய் திறக்கிறது.

குரல்:
இதோ, பாருங்கள். குதிப்பதற்கு முன் உடம்பு ஒருமுறை கீழே இறங்குகிறது. கை இரண்டும் பின்னால் போகின்றன. அவன் மூச்சை இழுப்பதுகூட தெரிகிறது. எந்த உடம்பாலும் இதை மறைக்க முடியாது. கேமராவைப் பழகும் நேரத்தில் பாதியையாவது இதைப் பார்த்துப் பழகச் செலவிடுங்கள்.

இயற்கை நமக்கு ஒரு சலுகையும் தந்திருக்கிறது. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்பதுபோல் தெரியுமே, அதே கதைதான். காற்றில் இருக்கும் நேரத்தில் சரிபாதி, உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிகிறது. நம் பையனின் அரை வினாடியில் கால் வினாடி, உச்சியை ஒட்டிய ஏழெட்டு சென்டிமீட்டருக்குள் போகிறது. வேகம் குறைவதும் அங்கேதான், முகம் மலர்வதும் அங்கேதான்.

சரி, ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஒரு படம் பதிய கேமரா எடுத்துக்கொள்ளும் நேரம். அவன் மணலை விட்டுக் கிளம்பும் வேகத்தில் 1/60 வினாடி ஷட்டர் வைத்தால் படம் பதிவதற்குள் நான்கு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான், கால் கலங்கிப் போகும். 1/1000 வைத்தால் நகர்வு இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கும். போனில் இதை நாமே மாற்ற விடும் ப்ரோ மோட் இருந்தால் 1/1000 வையுங்கள். மேகம் கூடினால் 1/500 வரை இறங்கலாம். ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு, ஏறிப் படத்தில் புள்ளி தட்டினாலும் பரவாயில்லை. புள்ளி தட்டிய படத்தை ரசிக்க முடியும், முகம் கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்துத் தள்ளும் பர்ஸ்ட் மோட் உதவும். சில போன்களில் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் ஒரு பக்கமாக இழுக்க வேண்டும். வினாடிக்கு பத்துப் படம் என்றால் இந்தக் குதிப்புக்குக் கிடைப்பது ஐந்து, அதில் உச்சியை ஒட்டி இரண்டோ மூன்றோ. அதனால் பர்ஸ்ட்டையும் முழங்கால் மடியும்போதே தொடங்குங்கள்.

கோடு எதற்கு என்று கேட்டீர்களானால், ஃபோகஸுக்கு. அவன் குதிக்கப்போகும் இடத்தில் முன்கூட்டியே திரையைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டேன். அவன் எனக்கு நேராக ஓடி வராமல் குறுக்காகப் போகிறான், தூரம் மாறாது. அப்புறம், போனைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். லென்ஸ் மணலுக்கு நாலு விரற்கடை உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஒரு சாண் குதித்தவனும் கடலின் விளிம்புக்கு மேலே வானத்தில் நிற்பான்.

காலையில் சூரியன் கடல் பக்கம். கடலை நோக்கி எடுத்தால் ஆள் கறுப்பு உருவமாக விழுவார், அதுவும் அழகுதான். முகம் வேண்டுமென்றால் தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று எடுங்கள். ஆனால் குழந்தைகளை அலைக்குள் இறக்கிக் குதிக்கச் சொல்லாதீர்கள். பின்னால் தெரிகிற வெள்ளை மண்டபம், 1930-ல் இதே கடலில் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவாகக் கட்டியது. ஈர மணலே போதும்.

காட்சி: திருவல்லிக்கேணியில் ஒரு மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் மேல் சாம்பல் நிறப் பூனை. பக்கத்து வீட்டுச் சுவர் நாலடி தள்ளி இருக்கிறது.

குரல்:
பூனைக்கு நாம் கோடு போட முடியாது. ஆனால் அது தினமும் ஒரே வழியில்தான் போகிறது. இந்தப் பூனையை நான்கு மாலைகள் கேமரா இல்லாமல் பார்த்தேன். முன்கால் இரண்டையும் சுவரின் விளிம்பில் ஒட்டி வைக்கும். தலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கித் தூரத்தை அளக்கும். பின்பக்கம் இரண்டு முறை லேசாக ஆடும். அப்புறம் ஒரு அசையாமை. வால் நுனிகூட நிற்கும். அடுத்த நொடி காற்றில் இருக்கும்.

அந்த அசையாமையில் அழுத்துங்கள். பக்கவாட்டில் நில்லுங்கள், பூனை போகப்போகும் பக்கம் ஃப்ரேமில் இடம் விடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், மிரளும்.

புகைப்பட வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு படம் உண்டு. 1948-ல் ஃபிலிப் ஹால்ஸ்மன், ஓவியர் சால்வடார் டாலியைக் குதிக்கவைத்து எடுத்தது. மூன்று பூனைகளும் ஒரு வாளித் தண்ணீரும் அந்தரத்தில் பறக்கும். 28 முறை எடுத்த பிறகுதான் சரியாக வந்தது. அந்தப் பொறுமையை மதிக்கிறேன். பூனைகளைத் தூக்கி எறிந்ததை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. தானாகத் தாவும் பூனையின் முகத்தில் இருக்கும் கவனம், எறியப்பட்ட பூனையின் முகத்தில் இருக்காது.

கிண்டி தேசியப் பூங்காவின் வெளிமானுக்கும் இதையே சொல்வேன். கூட்டம் மிரண்டால் அவை நான்கு கால்களாலும் ஒரே நேரத்தில் எம்பும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் நீங்கள் கைதட்டியோ துரத்தியோ எம்பவைத்தால் அது பயத்தின் படம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது. தொலைவில் நின்று காத்திருங்கள்.

காட்சி: மெரினா. சவாரிக் குதிரை ஒன்று ஓடுகிறது.

குரல்:
ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விடுமா? பல காலம் விடை தெரியாத கேள்வி. 1878-ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடுபாதையில் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். குறுக்கே கட்டிய நூலைக் குதிரை அறுத்துக்கொண்டு போகப் போக ஒவ்வொரு ஷட்டராக இயங்கியது. நான்கு கால்களும் தரையை விட்டன. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல் முன்னும் பின்னும் நீட்டியபடி இல்லை, வயிற்றுக்கடியில் மடங்கியபோது! நூலைக் குதிரை வரும் முன்பே கட்டி வைத்திருந்தார், கவனித்தீர்களா?

காட்சி: ஐப்பசி மழை நின்ற மாலை. தி. நகரில் ஒரு தெரு, நடுவில் தேங்கிய தண்ணீர்.

குரல்:
மழைக்காலச் சென்னையில் எல்லோரும் குதிக்கிறார்கள். பட்டுப்புடவைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அம்மா, செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு கல்லூரிப் பையன். 1932-ல் பாரிஸில் ஹென்றி கார்ட்டியே பிரஸோன் எடுத்த படமும் இப்படி ஒரு தேங்கிய தண்ணீர்தான். பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்தார். குதிக்கும் மனிதரின் குதிகால் தண்ணீரைத் தொட மயிரிழைதான் பாக்கி. தொட்டிருந்தால் கீழே இருக்கும் பிம்பம் கலைந்திருக்கும். நீங்களும் தண்ணீரின் ஓரத்தில் நில்லுங்கள். ஆட்களின் பின்னால் ஓட வேண்டாம், அவர்களே வருவார்கள். எடுத்தபின் படத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் கண்முன்னே அழித்துவிடுங்கள்.

காட்சி: ஒரு நடன வகுப்பு. டியூப்லைட் வெளிச்சம்.

குரல்:
உள்ளரங்கில் 1/1000 காலை வாரலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் வினாடிக்கு நூறு முறை மங்கித் தெளிகின்றன. படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும். 1/100 வையுங்கள், பட்டை போய்விடும். கலங்காதா என்றால், உச்சியில் உடம்பு நின்றுவிடுகிறதே, அங்கே பிடித்தால் கை விரல்தான் கொஞ்சம் கலங்கும். நட்டுவாங்கத் தட்டை நீங்களும் மனதுக்குள் எண்ணுங்கள். ஆடுகிற பெண் எந்த எண்ணிக்கையில் எழும்புவாள் என்பதை அதுவே சொல்லிவிடும்.

காட்சி: மறுபடி எலியட்ஸ் கடற்கரை. போன் திரையில் ஐந்து படங்கள்.

குரல்:
இன்று பதினோரு முறை குதித்தான். இது ஒன்பதாவது. முதல் படத்தில் கால் மணலில் இருக்கிறது, கடைசிப் படத்தில் கண் மூடியிருக்கிறது. நான் வைத்துக்கொள்ளப்போவது மூன்றாவதை. நிழல் பாதத்தை விட்டுத் தனியாக விழுந்திருக்கிறது. சட்டை தொப்புளுக்கு மேலே ஏறியிருக்கிறது. இடது காலிலிருந்து உதிர்ந்த மணல் அவனுக்கும் தரைக்கும் நடுவே அப்படியே நிற்கிறது.