நார்தோல்ட்டில் இறங்கிய போலந்து விமானிகள்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

1940-ஆம் ஆண்டின் கோடையில் ஜெர்மானிய விமானத் தாக்குதலிலிருந்து இங்கிலாந்தின் வானைக் காத்து நின்றவர்களில் 145 பேர் போலந்து நாட்டு விமானிகள். அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆவேசத்தைத்தான் முதலில் குறிப்பிடுகிறார்கள். நாட்டைப் பறிகொடுத்தவர்கள் பழிதீர்க்கும் வெறியோடு பாய்ந்தார்கள் என்கிறார்கள். பாராட்டாகவே சொல்லப்படும் இச்சொல், அம்மனிதர்கள் பல்லாண்டு உழைத்துப் பெற்ற தொழில்திறனை மறைத்துவிடுகிறது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தபோது, அந்நாட்டுப் போர்விமானிகளிடம் இருந்தது பி.11 என்னும் பழைய விமானம்; விமானி அமரும் இடத்துக்குக் கூரை கிடையாது, சக்கரங்கள் உள்ளே மடங்கா. அதைக் கொண்டே அவர்கள் போரிட்டார்கள். செப்டம்பர் 17 அன்று சோவியத் படைகளும் கிழக்கிலிருந்து நுழைந்த பிறகு, ருமேனியாவுக்கும் ஹங்கேரிக்கும் கடந்து சென்று, தடுப்பு முகாம்களிலிருந்து தப்பிப் பிரான்சை அடைந்தார்கள். 1940 ஜூனில் பிரான்சும் வீழ்ந்ததும் எஞ்சியிருந்தது பிரிட்டன் ஒன்றுதான். அதை அவர்கள் ‘கடைசி நம்பிக்கையின் தீவு’ என்றழைத்தார்கள்.

அந்தத் தீவு அவர்களை முதலில் முழுமனத்தோடு நம்பவில்லை. சில வாரங்களில் தோற்றுப்போன ஒரு விமானப்படையின் எச்சமாகவே அவர்களைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் கருதினார்கள். ஆகஸ்ட் 2 அன்று லண்டனுக்கு மேற்கேயுள்ள நார்தோல்ட் தளத்தில் போலந்து விமானிகளைக் கொண்ட 303-ஆம் படைப்பிரிவு உருவானபோது, கிராஸ்நோதெம்ப்ஸ்கி என்ற போலந்து தலைவருக்கு இணையாக ரொனால்ட் கெல்லெட் என்ற ஆங்கிலேயரும் அதற்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். மொழி ஒரு தடை. பழக்கம் அதைவிடப் பெரிய தடை. உயரத்தை மீட்டரில் கணக்கிட்டவர்கள் அடியில் கணக்கிட வேண்டியிருந்தது. வேகத்தைக் கூட்ட எந்தப் பிடியைத் தம் பக்கம் இழுத்துப் பழகியிருந்தார்களோ, அதை ஹரிகேன் என்னும் பிரிட்டிஷ் போர்விமானத்தில் முன்னே தள்ள வேண்டியிருந்தது. கை தானாகச் செய்வதை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது எந்தத் தொழிலில் தேர்ந்தவருக்கும் தெரியும். போரில் ஏற்கெனவே பறந்தவர்கள், மூன்று சக்கர மிதிவண்டிகளில் வானொலிக் கருவியைப் பொருத்திக்கொண்டு ஆங்கிலக் கட்டளைகளின்படி திடலைச் சுற்றிவந்து பயின்றார்கள். அதே வாரங்களில், ஹரிகேனில் சில மணிநேரமே பறந்திருந்த பிரிட்டிஷ் இளைஞர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது என் மனம் கனக்கிறது.

ஆகஸ்ட் 30 அன்று பயிற்சிப் பறத்தலின் நடுவே லூத்விக் பாஷ்கியேவிச் ஜெர்மானிய விமானங்களைக் கண்டார், வானொலியில் தெரிவித்தார், மறுமொழி வராததால் அணியிலிருந்து விலகிச் சென்று ஒன்றை வீழ்த்தினார். தளம் திரும்பியதும் அவருக்குக் கண்டிப்பும் வாழ்த்தும் சேர்ந்தே கிடைத்தன. மறுநாளே படைப்பிரிவு போருக்குத் தகுதியானதாக அறிவிக்கப்பட்டது.

அவர் முதலில் கண்டது தற்செயலன்று. பிரிட்டனிடம் இருந்தது போன்ற ராடார் வலையம் போலந்தில் இல்லை; எதிரியைத் தம் கண்ணால் தேடியே அவர்கள் பறந்து பழகியிருந்தார்கள். பிரிட்டிஷ் விமானிகளோ மும்மூன்றாக நெருங்கிப் பறக்கப் பயிற்றப்பட்டவர்கள். தலைவரின் இறக்கையில் மோதாமல் பறப்பதிலேயே பக்கத்து இருவரின் கவனமும் செலவானது. மேலும், தொலைவிலிருந்து சுட்டுக் குண்டுகளை வீணாக்காமல், எதிரி விமானம் முன்கண்ணாடி முழுவதையும் நிறைக்கும் அளவுக்கு நெருங்கிய பின்னரே சுடுவது போலந்து விமானிகளின் வழக்கம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வெறியாகத் தெரிந்தது. எனக்கு அது அளந்து வைத்த பொறுமையாகத் தெரிகிறது.

ஏறத்தாழ ஆறு வாரங்களில் 126 விமானங்களை வீழ்த்தியதாக 303-ஆம் பிரிவு கணக்குக் காட்டியது. போர்க்களத்துக் கணக்குகள் எல்லாத் தரப்பிலும் மிகைப்பட்டவை. ஜெர்மானியப் பதிவுகளோடு ஒப்பிடும்போது இந்த எண்ணும் வெகுவாகக் குறைகிறது. அப்படிக் குறைந்த பின்னும், ஹரிகேன் ஓட்டிய படைப்பிரிவுகளில் அது முன்னணியிலேயே நிற்கிறது. போலந்து படைப்பிரிவுகளின் பங்களிப்பு இல்லாதிருந்தால் அந்த வான்போரின் முடிவு இவ்வாறே இருந்திருக்கும் என்று சொல்லத் தயங்குவதாக, போர்விமானப் படையின் தலைவர் டௌடிங் பின்னர் எழுதினார். பாஷ்கியேவிச் அதைப் படிக்க உயிரோடு இல்லை. அவர் செப்டம்பர் 27 அன்றே வீழ்ந்தார்.

இனி நான் சொல்வது இனிமையானதன்று. 1945 பிப்ரவரியில் நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டில் போலந்தின் எதிர்காலம் போலந்தினர் இல்லாமலே பேசி முடிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில், லண்டனில் இயங்கிவந்த போலந்து அரசுக்கு அளித்திருந்த ஏற்பைப் பிரிட்டன் விலக்கிக்கொண்டது. 1946 ஜூன் 8 அன்று லண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்புக்குப் பிரிட்டன் வான்போரில் பங்கேற்ற போலந்து விமானப்படையினர் 25 பேர் மட்டும் அழைக்கப்பட்டார்கள். தம் நாட்டுத் தரைப்படையினருக்கும் கடற்படையினருக்கும் இடமில்லாத அணிவகுப்பில் தாமும் நடப்பதில்லை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

பிரிட்டிஷ் விமானப்படையின் 501-ஆம் பிரிவில் ஹரிகேன் ஓட்டிப் போரிட்ட போலந்து விமானி ஸ்டானிஸ்வாஃப் ஸ்கால்ஸ்கி 1947-இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு புதிய கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்கள் அவரை உளவாளி என்று கைது செய்தார்கள். பின்னர் மரண தண்டனை விதித்து, அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். 1948 நவம்பர் 2 அன்று நார்தோல்ட் அருகே, மாண்ட போலந்து விமானப்படையினரின் பெயர்கள் பொறித்த நினைவுத்தூண் திறந்துவைக்கப்பட்டபோது அவர் சிறையில் இருந்தார். அவர் வெளியே வர 1956 வரை ஆயிற்று.