கால் மணி நேரம் போதும் என்றார் மருத்துவர்

நேயர்களுக்கு வணக்கம்.

குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதன் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், "அங்கே கடவுள், பிரார்த்தனை என்றெல்லாம் பேசுவார்களாமே" என்று பின்வாங்குகிறவர்கள் பலர். அந்த ஆன்மிகம் எங்கே வேர்விட்டது என்று பார்ப்போம்.

1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். போன காரியம் கைகூடாமல் ஹோட்டல் முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார் பில் வில்சன், பின்னாளில் இந்த அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் பேச்சும் சிரிப்பும். இன்னொரு பக்கம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசியை எடுத்தார். தான் பேசுவதற்கு ஒரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார்! அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்ற கண்டிப்போடு வந்தவர், இரவு பதினொரு மணி தாண்டித்தான் எழுந்தார்.

ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் இருவருக்குமே பழக்கம் உண்டு. ஃபிராங்க் புக்மன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கியது அது. செய்த தவறை இன்னொருவரிடம் மனம்விட்டுச் சொல்வது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடுசெய்வது, அமைதியாக உட்கார்ந்து இறைவனின் வழிகாட்டலுக்குக் காத்திருப்பது எல்லாம் அங்கிருந்துதான், குடியிலிருந்து மீள ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வகுத்த பன்னிரண்டு படிகளுக்குள் வந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டாக்டர் பாப் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கூட்டங்களுக்குப் போயும் குடி நிற்கவில்லை. பில்லும் அதற்கு முன் பல குடிகாரர்களுக்கு உபதேசம் செய்து பார்த்தார், ஒருவரும் மீளவில்லை. அன்றைக்கு அவர் உபதேசம் செய்யவில்லை. தான் குடித்த கதையை, தான் பட்ட பாட்டைச் சொன்னார். எனக்கு இதுதான் ஆணிவேர் என்று படுகிறது. நம்பிக்கை ஏற்கெனவே இருந்தது, அதே நோயில் கிடந்த ஒரு மனிதர்தான் எதிரே வந்து உட்கார வேண்டியிருந்தது. இடையில் ஒருமுறை சறுக்கிய டாக்டர் பாப், அந்த ஜூன் 10-க்குப் பிறகு சாகும்வரை குடிக்கவில்லை. அந்த நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள்.

அப்புறம் படிகளை எழுத உட்கார்ந்தபோது பெரிய வாக்குவாதம். ஜிம் பர்வெல் போன்ற கடவுள் மறுப்பாளர்களும் உள்ளே இருந்தார்களே! அவர்கள் விடாமல் போராடியதால்தான், 1939-இல் வெளியான அமைப்பின் நூலில் 'நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்ற வாசகம் இடம்பெற்றது. இன்றைக்கும் கூடியிருக்கும் குழுவையே தம்மினும் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிற உறுப்பினர்கள் உண்டு. சேர்வதற்குத் தேவை ஒன்றே ஒன்று: குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. யாரும் பக்தியைப் பரீட்சித்துப் பார்ப்பதில்லை.

நன்றி, வணக்கம்.