குளத்துப் பாசிக்கும் வயித்துல இருக்கிற குழந்தையோட கிட்னிக்கும் என்ன சம்பந்தம்?

[திரையில்: கறுப்பு வெள்ளை ஸ்கேன் படம். குரல் மட்டும்.]

இருபதாவது வாரம். ஸ்கேன்ல குழந்தையோட ரெண்டு கிட்னியும் பெருசா, பளிச்சுனு வெள்ளையா தெரியுது. டாக்டர் முகம் மாறிடுச்சு. வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி: "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?"

[முகம் திரையில்]

வணக்கம். தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து பேசுறேன். இது சாட்ஸ்வொர்த்துல எங்க தெரு அக்கா ஒருத்தங்களுக்கு நடந்தது. அவங்க அனுமதியோடதான் சொல்றேன், பேர் சொல்ல மாட்டேன். கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவங்க சாப்பிட்டது, தூக்கினது, நடந்தது எதுவும் காரணம் இல்ல. உண்மையான காரணத்துக்கு ஒரு குளத்துப் பாசிதான் வழி காட்டுச்சு. கடைசி வரைக்கும் பாருங்க.

அடிப்படையை வேகமா முடிச்சிடலாம். கிட்னி முழுக்க நுண்குழாய்கள். அந்தக் குழாய் ஊதிப் பை மாதிரி ஆனா அதுதான் நீர்க்கட்டி. ஒரே ஒரு கிட்னியில மட்டும் கட்டிகள் இருந்தா, பெரும்பாலும் அது பரம்பரை இல்ல. இன்னொரு கிட்னி வேலையைப் பார்த்துக்கும். ரெண்டுலயும் இருந்தாத்தான் ஜீனைத் தேடணும்.

[திரையில்: மைக்ராஸ்கோப்ல நீந்தும் பச்சைப் பாசி]

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம். இதோட பேரு கிளாமிடோமோனாஸ். ஒரே செல்தான் மொத்த உடம்பும். முன்னாடி ரெண்டு சாட்டை. அதை அடிச்சு அடிச்சு நீந்தும். 1993ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல இந்தச் சாட்டைக்குள்ள ஏதோ நகர்றதைப் பார்த்தாங்க. சின்னச் சின்ன மூட்டைகள் அடியிலிருந்து நுனிக்கு ஏறுது, நுனியிலிருந்து அடிக்கு இறங்குது. கட்டடம் கட்டுற இடத்துல சாரத்துல செங்கல் ஏத்துவாங்களே, அதே மாதிரி. ஏத்துறது நின்னா சாட்டை வளராது.

அப்புறம் 2000ல, அந்தச் செங்கல் ஏத்துற கூட்டத்துல ஒரு புரதத்தோட ஜீனைப் படிச்சாங்க. படிச்சா, அது ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு எலி ஜீன் மாதிரியே இருக்கு! எந்த எலி? பிறந்து கொஞ்ச நாள்லயே கிட்னி முழுக்க நீர்க்கட்டி வந்து செத்துப்போற எலி. அந்த எலிகளோட கிட்னியைத் திறந்து பார்த்தா, குழாய் செல்கள்ல இருக்கவேண்டிய முடி, பாசியோட சாட்டை மாதிரியே கட்டப்படுற ஒண்ணு, குட்டையா நிக்குது.

முடியா? ஆமா. உங்க கிட்னிக் குழாய்ல இருக்கிற செல் ஒவ்வொண்ணுக்கும் பொதுவா ஒரே ஒரு முடி உண்டு. சிலியா-னு சொல்வாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே பார்த்தாச்சு. ஆனா ரொம்ப காலம் அது உதவாத மிச்சம்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க. நினைச்சுப் பாருங்க, நூறு வருஷமா கண்ணு முன்னாடி இருந்த ஒரு முடி! குழாய்க்கு ஆன்டெனா மாதிரி அது. செல் எவ்வளவு வளரணும், எந்தப் பக்கம் திரும்பணும்ங்கிற சேதி அது வழியா வருது. சேதி வரலைன்னா செல் பெருகிக்கிட்டே போகும், குழாய் ஊதும்.

இந்த முடி கிட்னியில மட்டும் இல்ல. கருவுல கைவிரல் உருவாகும்போதும் அது வேணும். அதனாலதான் மெக்கல் குரூபர், பார்டெட் பீடல்னு சில நோய்கள்ல கிட்னிக் கட்டியோட ஆறாவது விரலும் சேர்ந்து வருது. ஆறு விரல் அதிர்ஷ்டம்னு நம்ம வீட்டுல சொல்வோம். பயப்படாதீங்க, விரல் மட்டும் தனியா இருந்தா பெரும்பாலும் ஒண்ணுமில்ல. இந்த நாட்டுக் கறுப்பின மக்கள்கிட்ட அது சகஜம். கிட்னியும் பெருசா இருந்தாத்தான் டாக்டர் ரெண்டையும் சேர்த்துப் பார்ப்பாங்க.

[திரையில்: மூன்று ஜீன் பெயர்கள்]

ரெண்டு கிட்னியிலயும் கட்டி இருந்தா தேடுற ஜீன்கள்ல மூணு இது. முதல்ல எச்.என்.எஃப்.1பி. இது பாதிக் குடும்பங்கள்ல அப்பா அம்மாகிட்ட இல்லாமலே குழந்தைகிட்ட புதுசா வரும். பி.கே.டி.1. இது பெரியவங்களுக்கு வர்ற கிட்னி நீர்க்கட்டி நோய்க்குக் காரணம், அபூர்வமா கருவுலயே தெரியும். குழந்தை ஸ்கேனைப் பார்த்துட்டு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஸ்கேன் எடுப்பாங்க. அப்பத்தான் அப்பாவுக்கே தனக்கு இருக்கிறது தெரியவரும்.

மூணாவது பி.கே.எச்.டி.1. அக்கா குழந்தைக்கு இதுதான். ஏறக்குறைய 20,000 பிறப்புல ஒண்ணு. அப்பாகிட்ட ஒரு பழுதான பிரதி, அம்மாகிட்ட ஒரு பழுதான பிரதி. ரெண்டு பேரும் நல்லா இருப்பாங்க. ரெண்டும் குழந்தைக்குப் போய்ச் சேர்றதுக்கு நாலுல ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு கர்ப்பத்துலயும். இங்க ஆஃப்ரிக்கானர், அதாவது டச்சு வழி வந்த வெள்ளையர் குடும்பங்கள்ல இந்த ஜீன்ல ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வருது: அது செய்யுற புரதத்தோட 627வது இடத்துல மெத்தியோனின்ங்கிற அமினோ அமிலத்துக்குப் பதிலா லைசின். கப்பல்ல வந்த சின்னக் கூட்டம், அதுக்குள்ளயே கல்யாணம், அதனால ஒரே மூதாதையோட ஜீன் எழுத்து மாற்றம் பரவிடுச்சு. 1860ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வந்தவங்களோட பிள்ளைகள் நாம. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நமக்குப் புதுசா? பொதுவா 70 பேர்ல ஒருத்தர்தான் இந்த ஜீன் பழுதைச் சுமப்பாங்க. உங்களுக்கு இருந்து, நீங்க கட்டினது அத்தை மகனைன்னா, அதே பழுது அவர்கிட்டயும் இருக்க 8ல ஒரு வாய்ப்பு. முறைப்பையனைக் கட்டாதேன்னு நான் சொல்லல. கட்டினா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்கங்கறேன்.

இன்னொண்ணு, இதைச் சொல்லாம போகமுடியாது. பனிக்குடத் தண்ணியில பெரும்பகுதி குழந்தை போற சிறுநீர்தான். கிட்னி வேலை செய்யலைன்னா தண்ணி குறையும், தண்ணி குறைஞ்சா நுரையீரல் வளராது. பிறந்த குழந்தை தவிக்கிறது மூச்சுக்குத்தான். அதனால, குழந்தைகளுக்கான ஐ.சி.யூ. இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில பிரசவம் வெச்சுக்கணும். தயவுசெஞ்சு இதை மட்டும் உங்க வீட்டு குரூப்புக்கு அனுப்புங்க.

அக்கா குழந்தை முதல் வாரம் மெஷின்ல இருந்தது. இப்ப மூணு வயசு. பிரஷர் மருந்து உண்டு, ஈரலையும் பார்த்துக்கிட்டு வர்றாங்க, இந்த ஜீன் ஈரலையும் தொடும். ஜீன் ரிப்போர்ட் வந்த அன்னிக்கு அப்பா பக்கமும் அம்மா பக்கமும் அச்சா ஒரே எழுத்து மாற்றம். ஆலோசகர் ஒரு தாள்ல குடும்ப மரம் வரைஞ்சாங்க. அக்காவோட அப்பாவும் மாமியாரும் கூடப்பிறந்தவங்க. கோடு ரெண்டும் மேல போய் ஒரே தாத்தா பாட்டிகிட்ட முட்டுது.

அத்தை அந்தத் தாளை ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தாங்களாம். அப்புறம் மருமகள்கிட்ட பேனா கேட்டு, இங்க டர்பன்லயே ஃபீனிக்ஸ்ல, மெரிபேங்க்ல இருக்கிற பேரப்பிள்ளைங்க பேரை ஒவ்வொண்ணா எழுத ஆரம்பிச்சாங்க, யார் யாருக்கு போன் பண்ணணும்னு.